'லிங்க்' என்னும் ஒரு சொல்

"தம்பி, ஒரு லிங்க் வந்திருக்கிறது, அழுத்தலாமா?" என்று முதிய அன்னையர் கைப்பேசியை நீட்டிக் கேட்பது இன்று பல இல்லங்களில் காணும் காட்சி. அச்சொல்லின் வரலாற்றைச் சற்றே அறிந்தால், அவர்களுக்குத் தக்க மறுமொழி கூற இயலும்.

ஆங்கிலத்தில் 'லிங்க்' என்பதன் முதற்பொருள் சங்கிலியின் ஒரு வளையம். 1620-இல் எட்மண்ட் கண்டர் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் நிலம் அளப்பதற்காக 66 அடி நீளமுள்ள சங்கிலியொன்றை வகுத்தார். அதில் 100 வளையங்கள். ஒவ்வொன்றின் நீளமும் 7.92 அங்குலம். அதுவே ஒரு லிங்க். ஆங்கிலேயர் ஆட்சியில் அவ்வளவை நம் வயல்வரப்புகளுக்கும் வந்து சேர்ந்தது. இன்றும் நாம் பத்திரங்களில் எழுதும் ஒரு சென்ட் நிலம் 1,000 சதுர லிங்க் ஆகும்.

நாளடைவில் இரு பொருள்களைப் பிணைக்கும் எதற்கும் இச்சொல் வழங்கலாயிற்று. சட்டைக் கையைப் பூட்டுவது கஃப் லிங்க். இரு நெடுஞ்சாலைகளை இணைப்பது லிங்க் ரோடு. புகைப்பழக்கத்திற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பும் லிங்க்தான். ஆயினும் உறவினரைக் குறிக்க இச்சொல் பொருந்தாது. அதற்கு 'ரிலேஷன்' உண்டு. இடைநின்று இணைப்பதே லிங்க்.

1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா நகரருகே வகுத்த வைய விரிவு வலையும் இத்தகைய இணைப்புகளாலேயே இயங்குகிறது. ஒரு பக்கத்தில் அழுத்தினால் மற்றொரு பக்கம் திறக்கிறது.

சங்கிலி வளையத்தைத் தமிழில் 'கண்ணி' என்போம். பறவைகளைச் சிக்கவைக்கும் சுருக்குக்கும் அதுவே பெயர். இவ்விரு பொருளும் இன்று கைப்பேசியில் ஒன்றாகிவிட்டன! "மின்கட்டணம் செலுத்தாததால் இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்", "வங்கிக் கணக்கு முடக்கப்படும்" என்று அச்சுறுத்தி, கீழே ஒரு லிங்க்கை வைப்பர். மேலே தெரியும் பெயர் ஒன்று. அது இட்டுச்செல்லும் இடம் வேறு. அங்கே நாம் தரும் கடவுச்சொல், ஓ.டி.பி. எண் ஆகியவற்றால் ஆயுட்காலச் சேமிப்பே பறிபோகலாம்.

ஆகவே ஐயமிருப்பின் அழுத்தாதீர்கள். பழைய ரசீதிலோ வங்கிக் கணக்குப் புத்தகத்திலோ உள்ள எண்ணில் அழைத்துக் கேளுங்கள். பணத்தை இழந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். வீட்டிலுள்ளோரும் முதியோரைக் கடிந்துகொள்ளல் ஆகாது. கடிந்தால் மறுமுறை அவர்கள் நம்மைக் கேட்கவே மாட்டார்கள்.

"சற்றுப் பொறுங்கள் அம்மா, இச்சங்கிலியின் மறுமுனை யார் கையில் உள்ளதென்று முதலில் பார்ப்போம்" என்பதே அன்னைக்கு நாம் கூறத்தக்க மறுமொழி.