தலைகீழாக இறங்கும் வேட்டைக்காரன்

மரத்தின் உச்சிக்கு ஓடிப் போனாலும் விடாது. கிளைக்குக் கிளை தாவித் துரத்திப் பிடித்துவிடும்! அந்த மிருகத்தின் பெயர் "போசா".

ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, இந்து மகா சமுத்திரத்தில், மடகாஸ்கர் என்ற பெரிய தீவு இருக்கிறது. போசா அங்கே மட்டும்தான் வாழ்கிறது.

மடகாஸ்கர் காட்டில் சிங்கம் கிடையாது, புலி கிடையாது, சிறுத்தையும் கிடையாது. மாமிசம் தின்னும் காட்டு மிருகங்களில் அங்கே பெரியது போசாதான். எனவே, அது வைத்ததுதான் சட்டம்!

பூனையா? கீரியா?

பார்ப்பதற்கு போசா ஒரு பெரிய பூனை போல இருக்கும். ஆனால் பூனை இனம் அல்ல. கீரிப்பிள்ளைக்குத்தான் அது சொந்தம். நிறம் செம்பழுப்பு. உடம்பின் நீளம் சுமார் 2½ அடி. வாலும் ஏறக்குறைய அதே நீளம்! எடை 5½ கிலோ முதல் 8½ கிலோ வரை இருக்கும்.

பூனை மரத்தில் விறுவிறு என்று ஏறிவிடும். இறங்கும்போதுதான் திண்டாடும். போசாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் கணுக்கால் நன்றாகத் திரும்பும். அதனால், நகங்களால் மரத்தைப் பற்றிக்கொண்டு, அணில் போலத் தலைகீழாக இறங்கும்.

பிடித்த இரை

போசாவுக்கு முக்கியமான இரை, "லெமூர்" என்ற பிராணி. இது நம் நாட்டுத் தேவாங்குக்குத் தூரத்து உறவு. பெரும்பாலும் மரத்திலேயே வாழும்.

போசா இரவிலும் வேட்டையாடும், பகலிலும் வேட்டையாடும். சில வகை லெமூர்கள் பகலில் மரப் பொந்தில் தூங்கும். அவற்றைப் பொந்தில் இருந்தே இழுத்துவிடும். முன்னங்கால்களால் இறுகப் பிடித்துக் கடித்துக் கொன்றுவிடும்.

லெமூர் கிடைக்காவிட்டால் பட்டினி கிடக்காது. எலி, பறவை, பல்லி, பாம்பு, தவளை எல்லாம் தின்னும். மேற்குப் பகுதிக் காட்டில் அது பிடிக்கும் இரையின் சராசரி எடை ஒரு கிலோவுக்கு மேல். உயர்ந்த மலைப் பகுதியிலோ வெறும் 40 கிராம்தான்!

மூவர் கூட்டணி

போசா தனியாகத் திரியும் மிருகம். ஆனால், மூன்று ஆண் போசாக்கள் கூட்டுச் சேர்ந்து வேட்டையாடியதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். 2010-ம் ஆண்டு அதுபற்றிய கட்டுரை வெளிவந்தது.

அவை துரத்தியது "சிபாக்கா" என்ற பெரிய லெமூரை. மரத்துக்கு மரம் எகிறித் தாவுவதில் அது கெட்டிக்காரப் பிராணி. ஆனாலும் போசாக்கள் விடவில்லை. சுமார் 45 நிமிடம் துரத்திப் பிடித்தன. பிறகு இரையைப் பங்கு போட்டுத் தின்றன!

கோழிக் கூண்டில் ஆபத்து

இவ்வளவு வல்லமை இருந்தும், போசாவுக்கு இப்போது கெட்ட காலம். காரணம், காடு அழிவது. 1953-ம் ஆண்டில் இருந்து 2014-ம் ஆண்டுக்குள் மடகாஸ்கர் தன் இயற்கைக் காட்டில் 100-க்கு 44 பங்கை இழந்துவிட்டது. ஓர் ஆண் போசா சுற்றித் திரிய 26 சதுர கிலோ மீட்டர் வரை இடம் வேண்டும். காடு சுருங்கினால் அது எங்கே போகும்?

ஊருக்குள் வந்து கோழியைத் திருடுகிறது. கோழியைப் பறிகொடுத்த ஏழைக் குடியானவர்கள் சும்மா இருப்பார்களா? அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். தொட்டில் குழந்தையைக்கூடத் தூக்கிப் போய்விடும் என்று சில கிராமங்களில் கதையும் உண்டு.

வளர்ந்த போசாக்கள் 2,600-க்கும் 8,600-க்கும் இடையே இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. இது அழியும் ஆபத்தில் உள்ள பிராணிகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

காடு இருந்தால் லெமூர் இருக்கும். லெமூர் இருந்தால், போசாவுக்குக் கோழிக் கூண்டைத் தேடி வரும் வேலை இராது. குடியானவர் கோழியும் பிழைக்கும், போசாவும் பிழைக்கும்!