ஆறு மணி எண்ணின் வயது

2020 கோடையில் சென்னையில் மாலை ஆறு மணி வாக்கில் வீட்டுக்கு வீடு டிவி சத்தம் கூடும். கொரோனா அறிக்கையை வாசித்து முடிப்பதற்குள் புதிய தொற்றுகளின் எண் கீழே ஓடும் வரியில் வந்துவிடும். “இன்னிக்கு எவ்வளவு?” என்று மாடியிலிருந்து கீழ்வீட்டுக்குக் குரல் போகும். ஸ்கோர் கேட்கிற அதே தொனி. அந்தக் கேள்வியில் ‘இன்னிக்கு’ என்ற சொல் மட்டும்தான் பிழை.

கோயம்பேடு காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னை, கோவை, மதுரையில் 26ஆம் தேதி முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று ஏப்ரல் 24 அன்று அறிவிப்பு வந்தது. மறுநாள் சனிக்கிழமை, ஊரே காய்கறி வாங்கக் கிளம்பியது. அந்த நெரிசலில் நம் ஆளுக்குத் தொற்றுகிறது. வைரஸ் உள்ளே பெருகிக் காய்ச்சலாக வெளிப்படச் சராசரியாக ஐந்தாறு நாள் ஆகும். 30ஆம் தேதி ராத்திரி உடம்பு சுடுகிறது. வெயில் சூடு என்று நினைத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். மே 2 அன்றுதான் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுக்கிறார்கள்.

ஆர்டி-பிசிஆர் கருவி செய்வது ஒரு விந்தை. மாதிரியில் வைரஸின் மரபுப்பொருள் துளியாவது இருந்தால் அதை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், முப்பதாவது சுற்றில் நூறு கோடியைத் தாண்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கருவிக்குத் தெரிகிற அளவுக்கு ஊதிப் பெருக்குகிற வேலை இது. அதற்குச் சில மணி நேரம் போதும், ஆனால் வரிசையில் காத்திருக்கும் மாதிரிகளுக்கு அது போதாது. முடிவு மே 4 அன்று வருகிறது. அன்று மாலை அவர் ஓர் எண். ஒன்பது நாள் பழைய எண்.

காய்ச்சல் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவரால் நோயைப் பரப்ப முடியும் என்பதுதான் இதில் வில்லங்கம். நம் ஆளுக்கு அது 28ஆம் தேதி, ஊரடங்குக்குள்ளேயே, தெம்பாக, சக தொழிலாளிகளோடு ஒரே அறையில் படுத்திருந்த நாள். மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அதற்குள் அங்கு வேலை பார்த்த பலர் கடலூர், அரியலூர், விழுப்புரம் பக்கம் சொந்த ஊர் போய்விட்டிருந்தார்கள். சில நாளில் அந்த மாவட்டங்களின் எண்ணும் எகிறியது. எல்லோரும் அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தையே திட்டினார்கள். எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. தொற்று அன்றைக்குத்தான் சந்தைக்குள் வந்தது என்பதற்கில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்ததைக் கூட்டம் பெருக்கியிருக்கும்.

ஜூனில், தொற்றுக்கும் எண்ணுக்கும் இடையிலான இந்தத் தாமதம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. 15ஆம் தேதி, 19 முதல் சென்னைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் மறுபடி முழு ஊரடங்கு என்றார்கள். பயண அனுமதிக்கான இ-பாஸ் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் மூட்டை முடிச்சோடு தெற்கே கிளம்பினார்கள். கடைகள் அடைத்து, சாலைகள் வெறிச்சோடியும் எண் ஏறிக்கொண்டே இருந்தது. “மூடியும் ஏறுதே, அப்புறம் எதுக்கு மூடணும்?” என்பதுதான் பால் வாங்கும் வரிசையில் பேச்சு. தஞ்சாவூர்க்காரர் யாராவது அங்கே நின்றிருந்தால் சொல்லியிருப்பார்: மேட்டூரில் மதகை இறக்கிய அன்றே கல்லணையில் தண்ணீர் நிற்காது, வழியில் இருப்பது வந்து தீர வேண்டும். ஜூன் 30 அன்று சென்னையின் ஒருநாள் எண் 2,400ஐ நெருங்கியது. ஊரடங்கு தொடங்கிப் பதினொரு நாள் கழித்து. அதற்குப் பிறகுதான் இறங்குமுகம். ஜூலை 10 வாக்கில் ஏறக்குறைய பாதி. தெருத் தெருவாக நடந்த காய்ச்சல் முகாம்களுக்கும் இதில் பங்குண்டு, எல்லாப் பெருமையையும் ஊரடங்குக்கே கொடுத்துவிட முடியாது.

எண்ணுக்கு வயது இருந்தது போலவே அளவிலும் ஒரு குறை இருந்தது. தொற்று வந்த வீட்டு வாசலில் மாநகராட்சி தகரம் அடித்தது. இடுக்கு வழியே ஒரு கை நீண்டு பால் பாக்கெட்டை வாங்கிக்கொள்ளும். தெரு மறுபக்கமாக ஒதுங்கி நடக்கும். ஜூலையில் நகரம் முழுக்க 12,405 பேரிடம் ரத்தம் எடுத்து, முன்பே தொற்று வந்து போனதற்கான எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 21.5 சதவீதம் பேருக்கு இருந்தது. நகரத்தின் மக்கள்தொகைக்குப் பெருக்கினால் சுமார் 15 லட்சம் பேர். அந்தச் சமயத்தில் ஆறு மணிக் கணக்கு சென்னைக்குச் சொன்ன மொத்தம் 80 ஆயிரம் சொச்சம். கணக்கில் ஏறிய ஒருவருக்குப் பதினேழு பதினெட்டுப் பேர் ஏறாமல் இருந்திருக்கிறார்கள். பலருக்குத் தும்மல்கூட வந்திருக்காது. தகரத்தைப் பார்த்து மறுபக்கம் ஒதுங்கி நடந்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள்.