அடிக்காமல் ஆளும் ராணி

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் ஜன்னல் மூலையிலோ சன்ஷேடின் அடியிலோ சாம்பல் நிறத்தில் சின்னக் கூடொன்று தொங்கும். மரநாரைச் சுரண்டி, எச்சிலோடு மென்று கட்டிய அறுகோண அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை அல்லது ஒரு புழு. இப்படிக் கூடு கட்டுபவை காகிதக் குளவிகள். தென்னிந்தியாவில் பரவலாக வாழும் அவற்றில் ஒன்று ரோப்பலிடியா மார்ஜினேட்டா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் இந்த ஓர் இனத்துக்கே பல பத்தாண்டுகளைக் கொடுத்தவர்.

தேனீக் கூட்டில் ராணி யார், வேலைக்காரி யார் என்பதைப் புழுப் பருவத்தில் ஊட்டும் உணவே தீர்மானித்துவிடும். இந்தக் குளவிகளில் அப்படி இல்லை. ராணிக்கும் வேலைக்காரிக்கும் உருவத்தில் வேறுபாடே கிடையாது. பெண்குளவிகளைத் தனித்தனியாக வைத்துப் பார்த்தபோது ஏறத்தாழ பாதி முட்டையிட்டன. ஆனாலும் கூட்டில் முட்டையிடுவது ஒருத்தி மட்டுமே. மற்றவை இரை தேடுகின்றன, புழுவுக்கு ஊட்டுகின்றன, கூட்டைப் பராமரிக்கின்றன.

ராணி அடித்து மிரட்டித்தான் அடக்கி வைத்திருக்கிறாளா? இல்லை, கூட்டிலேயே மிகச் சாதுவானவர்களில் அவளும் ஒருத்தி. அவளை அப்புறப்படுத்தினால்தான் ரகளை தொடங்கும். சில நிமிடங்களில் ஒரு வேலைக்காரி மூர்க்கமாகி மற்றவற்றைக் கடிக்கிறாள், துரத்துகிறாள். ராணியைத் திருப்பி விட்டால் அடங்கிவிடுவாள். விடாவிட்டால் ஒரு வாரத்துக்குள் முட்டையிடத் தொடங்குவாள். அவளை எதிர்த்து ஒருத்தியும் போட்டிக்கு வருவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இதுதான்: கூட்டை இரண்டாக வெட்டி நடுவே கம்பிவலை வைத்தார்கள். ராணி ஒரு பக்கம். காற்று தாராளமாகப் போய்வந்தும் மறுபக்கத்தில் புது ராணி கிளம்பிவிட்டாள். அப்படியானால் ராணியின் வாசனை காற்றில் பரவுவதல்ல. வயிற்றைக் கூட்டின் மேல் தேய்த்து, அதிலுள்ள தூஃபோர் என்னும் சுரப்பியின் மணத்தை அவள் பூசிவைக்கிறாள். அங்கே நடமாடும் வேலைக்காரிகள் அதை உணர்ந்து, ராணி இருப்பதை அறிந்துகொள்கின்றன.

வாரிசு யாரென்று நம்மால் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. உடல் அளவு, சண்டைக்குணம் எதுவும் அவளைக் காட்டிக்கொடுப்பதில்லை. குளவிகளுக்கு மட்டும் அது தெரிந்திருப்பதாகவே பரிசோதனைகள் காட்டுகின்றன.

இத்தனை விந்தைகள் அதற்குள் நடப்பதால், ஆள் நடமாட்டத்துக்கு இடைஞ்சலில்லாத கூட்டைத் தயவுசெய்து கொளுத்தாதீர்கள். எட்ட நின்று பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.