பெருந்தமனிக்குள் ஒரு துணிக்குழாய்

காஞ்சிபுரத்துத் தறிக்காரர்கள் பட்டில் ஓட்டும் அதே பாவும் ஊடையும் அறுவை அரங்கிலும் உயிர் காக்கின்றன. அங்கே நூல் பாலியஸ்டர். நெய்வது மெல்லிய குழாய். அதன் மேல் நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகச் சுருள்களைத் தைத்துவிட்டால் அது 'ஸ்டென்ட் கிராஃப்ட்'.

இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி வயிற்றுப் பகுதியில் சுமார் 2 செ.மீ. அகலம் இருக்கும். சுவர் நைந்து 3 செ.மீ.க்கு மேல் புடைத்தால் அது அன்யூரிசம். பெரும்பாலும் முதுமையாலும் புகைப்பழக்கத்தாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். கிருமி தொற்றி வரும் புடைப்பு அரிது. ஆனால் சில நாள்களிலேயே பெருத்து வெடித்துவிடக்கூடும்.

ஸ்டெஃபைலோகாக்கஸ், சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இரத்தத்தில் வந்து, ஏற்கெனவே கொழுப்புப் படிந்து சிதைந்த சுவரில் குடியேறுகின்றன. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமியும் இதைச் செய்யும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மெலியாய்டோசிஸ் நோயாளிகளைப் பற்றி ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளை இது எளிதில் தாக்கும்.

வயிற்றைத் திறந்து, அழுகிய பகுதியை வெட்டி அகற்றி, மாற்றுக்குழாய் தைப்பதே பழைய முறை. தளர்ந்த உடலுக்கு அது பெரும் சோதனை. 1990இல் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி வேறு வழி காட்டினார். தொடை இடுக்குத் தமனி வழியாக, சுருக்கி மடித்த துணிக்குழாயை எக்ஸ்ரே படம் பார்த்தபடியே மேலே செலுத்தினார். இன்றைய கிராஃப்ட் உறையை விட்டு வெளிவந்ததும் தானே விரிந்து, புடைப்புக்கு மேலும் கீழும் உள்ள நல்ல சுவரைப் பற்றிக்கொள்கிறது. இரத்தம் குழாய்க்குள் ஓட, நைந்த சுவரின் மீதான அழுத்தம் குறைகிறது.

ஆனால் கிருமி அங்கேயே இருக்கிறது. புதுத் துணியிலும் அது ஒட்டிக்கொள்ளலாம். கிருமி தொற்றிய புடைப்புக்கு இம்முறையில் சிகிச்சை பெற்ற 123 பேரை ஐரோப்பிய மருத்துவமனைகள் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டன. முதல் மாதம் கடந்து 91 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். ஐந்தாண்டு முடிவில் 55 சதவீதம். பின்னாளில் பலரைப் பறித்தது தொற்றுதான். ஆகவே வாரக்கணக்கில் ஊசி, மாதக்கணக்கில் மாத்திரை, இடையிடையே சி.டி. ஸ்கேன். இதில் எதையும் பாதியில் நிறுத்தக்கூடாது.

வயதானவருக்கு, குறிப்பாகச் சர்க்கரை உள்ளவருக்கு, விடாத காய்ச்சலோடு முதுகுவலியோ வயிற்றுவலியோ சேர்ந்தால் தைலம் தடவிக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே இரத்தக் கல்ச்சர் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்தைக் கொடுக்க முடியும்.