குற்றம் சாட்டப்பட்டவர் சம்மதித்தால்தான் விசாரணை

2015 அக்டோபர் 3, சனிக்கிழமை அதிகாலை. வட ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரம் தாலிபான்களிடம் விழுந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. தெருச்சண்டையில் அடிபட்டவர் எந்தத் தரப்பாக இருந்தாலும் தூக்கி வரப்பட்ட இடம், 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு நடத்திய விபத்து சிகிச்சை மருத்துவமனைதான். அந்த இரவில் ஊரில் விளக்கு எரிந்த ஒருசில கட்டடங்களில் அதுவும் ஒன்று. கூரைமேல் அமைப்பின் கொடிகளை விரித்து வைத்திருந்தார்கள். கட்டடம் இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். விவரத்தை செப்டம்பர் 29 அன்றே அமெரிக்க ராணுவத்துக்கும் ஆப்கன் அரசுக்கும் மறுபடி அனுப்பியும் இருந்தார்கள்.

இரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில், வானில் வட்டமடித்தபடியே சுடும் ஏசி-130 ரக அமெரிக்க விமானம் அந்தக் கட்டடத்தைச் சுடத் தொடங்கியது. மொத்தம் 211 குண்டுகள். அரை மணி நேரம் என்கிறது ராணுவத்தின் கணக்கு. ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்கிறார்கள் உள்ளே இருந்தவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அசைய முடியாமல் கிடந்தவர்கள் படுக்கையிலேயே எரிந்துபோனார்கள். 2.19-க்கு அமைப்பின் ஆட்கள் நேட்டோ படையினருக்கு போன் போட்டுவிட்டார்கள். 2.52-க்கு வந்த பதில் வருத்தம் தெரிவித்தது. என்ன நடந்தது என்று இன்னும் தெரியவில்லை என்றது. 24 நோயாளிகள், 14 ஊழியர்கள், துணைக்கு வந்திருந்த 4 பேர் என இறந்தவர்கள் 42 பேர்.

பிறகு நடந்ததுதான் ராஜதந்திரம். தன் படையினருக்கு ஆபத்து வந்ததால் தாக்கினோம், பக்கத்து மருத்துவமனைக்குச் சேதம் நேர்ந்திருக்கலாம் என்றது அமெரிக்கத் தரப்பு. இரண்டு நாளில் அது, ஆப்கன் படையினர் கேட்டதால் தாக்கினோம் என்று மாறியது. மறுநாள் செனட் குழுமுன் ஜெனரல் ஜான் கேம்ப்பெல், முடிவெடுத்தது அமெரிக்கத் தரப்பே, மருத்துவமனை தவறுதலாகத் தாக்கப்பட்டது என்றார். அக்டோபர் 7 அன்று அதிபர் ஒபாமா, அமைப்பின் சர்வதேசத் தலைவர் ஜோன் லியூவை போனில் அழைத்து மன்னிப்புக் கேட்டார்.

மருத்துவர்கள் அமைப்பினர் கேட்டது மன்னிப்பு மட்டுமல்ல. சுட்டவரே விசாரிக்காமல் வெளியாள் விசாரிக்க வேண்டும் என்றார்கள். அதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறையின் 90-வது பிரிவின்கீழ், 15 உறுப்பினர்களுடன் 1991-ல் அமைந்த சர்வதேச மனிதாபிமான உண்மை அறியும் ஆணையம். அதுவரை கால் நூற்றாண்டாக ஒரு விசாரணைகூட அது நடத்தியதில்லை. காரணம் எளிது: அதன் அதிகாரத்தை முன்கூட்டியே ஏற்காத நாடு விஷயத்தில், அந்த நாடே சம்மதித்தால்தான் ஆணையம் அசைய முடியும். திருட்டுப் புகாரில் எஃப்.ஐ.ஆர். போட, திருடியதாகச் சொல்லப்படுபவரிடமே கையெழுத்து வாங்கி வரச் சொல்வது போன்ற ஏற்பாடு. அமெரிக்கா அந்த நெறிமுறையை ஏற்று உறுதிசெய்யவே இல்லை. (இந்தியாவும் அதில் சேரவில்லை என்பதை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.) விசாரிக்கத் தயார் என்று ஆணையம் வாஷிங்டனுக்கும் காபூலுக்கும் கடிதம் எழுதியது. சம்மதம் வரவில்லை.

2016 ஏப்ரல் 29 அன்று அமெரிக்க ராணுவத்தின் சொந்த அறிக்கை வெளியானது. பல இடங்களில் கறுப்பு மை பூசிய 3,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள். நியாயமாகச் சொன்னால், வேறு பல ராணுவங்கள் இவ்வளவுகூட வெளியிடுவதில்லை. தாக்க வேண்டிய இலக்கு, சில நூறு மீட்டர் தள்ளி தாலிபான்கள் பிடித்து வைத்திருந்த உளவுத்துறை வளாகம். விமானம் அவசரமாகக் கிளம்பியிருந்தது. கொடுத்த இடக்குறிப்பு வெறும் திடலைக் காட்டவே, விவரிப்புக்குப் பொருந்துவதுபோல் தெரிந்த கட்டடத்தைக் குழுவினர் கண்ணால் பார்த்துத் தேர்ந்தார்கள். தாக்கக்கூடாத இடங்களின் பட்டியலில் மருத்துவமனை இருந்தது. அதை உரிய நேரத்தில் யாரும் சரிபார்க்கவில்லை. 16 பேர் மீது துறைரீதியான நடவடிக்கை எடுத்தார்கள். கிரிமினல் வழக்கு யார் மீதும் இல்லை. வேண்டுமென்றே செய்யாததால் போர்க்குற்றம் இல்லை என்பது ராணுவத்தின் வாதம். அலட்சியம் எல்லை மீறினால் அதுவும் போர்க்குற்றமாகலாம் என்று வாதிடும் சட்ட அறிஞர்கள் உண்டு. யார் சொல்வது சரி என்று தீர்மானிக்கும் இடத்துக்கு விவகாரம் போகவே இல்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 6,000 டாலர், காயமடைந்தவருக்கு 3,000 டாலர் அனுதாபத் தொகையாகத் தரப்பட்டது. சட்டப் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் கொடுத்த பணம் அது.

நான்கு நாள் கழித்து, மே 3 அன்று, போர்க்களத்தில் மருத்துவமனைகளைக் காக்கும் 2286-வது தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு சபை ஒருமனதாக நிறைவேற்றியது. அந்த மேடையிலேயே ஜோன் லியூ, நிரந்தர உறுப்பினர்கள் ஐவரில் நால்வருக்கு, கடந்த ஓராண்டில் மருத்துவமனைகளைத் தாக்கிய கூட்டணிகளோடு ஏதோ ஓர் அளவில் தொடர்பு உண்டு என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.  ஆனால் தாக்குதலை வெளியாள் விசாரிக்க வேண்டும் என்பதைத் தீர்மானம் கட்டாயமாக்கவில்லை.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2020 மார்ச்சில் ஆப்கானிஸ்தான் விசாரணைக்கு அனுமதி தந்தது. செப்டம்பரில் அதன் வழக்கறிஞர் ஃபாட்டூ பென்சூடா மீது அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டது. அடுத்து வந்த கரீம் கான் 2021-ல், இனி தாலிபான், ஐ.எஸ். குற்றங்களில் மட்டும் கவனம் செலுத்துவதாக அறிவித்து, அமெரிக்கப் படையினர் மீதான புகார்கள் உட்பட மற்றதைப் பின்னுக்குத் தள்ளினார்.

உண்மை அறியும் ஆணையத்துக்கு முதல் வேலை 2017-ல் கிடைத்தது. கிழக்கு உக்ரைனில் ஐரோப்பியப் பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்பு அமைப்பின் கண்காணிப்பு வாகனம் வெடியில் சிக்கி, ஒருவர் இறந்திருந்தார். ஆணையத்தை அழைத்தது அந்த அமைப்பேதான். சில மாதங்களில் விசாரணை முடிந்து அறிக்கையும் வந்துவிட்டது.