எழுந்தருளுதல்: ஒரு கூட்டுவினையின் பொருளாராய்ச்சி

ஆங்கில வினைகளுள் சில, தம்மொடு சேரும் சிறுசொல்லால் முற்றிலும் வேறு பொருள் தருவன. 'கிவ்' என்பது கொடுத்தல். 'அப்' என்பது மேலே. 'கிவ் அப்' என்பதோ கைவிடுதல். உறுப்புகளின் பொருளைக் கூட்டி முழுமையின் பொருளைப் பெறுதல் இயலாது. தமிழில் இந்நிலை பெரும்பாலும் வினையொடு வினை சேர்வதால் நிகழும். அதற்குத் திருவரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் நாள்தோறும் வழங்கும் 'எழுந்தருளுதல்' சிறந்த சான்றாகும்.

'எழுந்து' என்னும் வினையெச்சமும் 'அருளு' என்னும் வினையும் சேர்ந்து இச்சொல் அமைந்துள்ளது. எழுதலும் அருளுதலும் தனித்தனியே பொருளுடையன. எனினும் திருவரங்கத்து மூலவராகிய பெரிய பெருமாள் பள்ளிகொண்ட கோலத்தில் 'எழுந்தருளியிருக்கிறார்' என்கின்றோம். கிடந்த கோலத்திற்கு 'எழுந்து' என்பது முரணாகத் தோன்றவில்லை, கேட்பாரும் ஐயுறுவதில்லை. எனவே, எழுதற்பொருள் இங்கு மறைந்துவிட்டது என்பது தெளிவு. 'அருளு' என்பதும் 'திருமஞ்சனம் கண்டருளினார்' என்புழிப்போல உயர்வு குறிக்கும் துணைவினையாய் நிற்கின்றது. இரண்டன் இடையே பிற சொல் புகுதலும் இல்லை. 'எழுந்து மெல்ல அருளினார்' எனின் தொடர் இரண்டு தொழிலாகப் பிரிந்து, கூட்டுவினை சிதைந்துவிடும்.

இனி, இச்சொல்லின் பொருள் வேறுபாட்டை நோக்குவாம். பங்குனித் திருவிழாவில் ஒரு நாள் உற்சவராகிய நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர்க் கமலவல்லி நாச்சியார் கோயிலுக்குச் செல்வது வழக்கம். அன்று 'திருவரங்கத்திலிருந்து எழுந்தருளினார்' எனின் புறப்பட்டார் என்பது பொருள். 'உறையூருக்கு எழுந்தருளினார்' எனின், திருவரங்கத்தில் நின்று கூறுவார்க்குச் சென்றார் என்றும் உறையூரில் நின்று கூறுவார்க்கு வந்தார் என்றும் பொருள்படும். 'உறையூரில் எழுந்தருளியிருக்கிறார்' எனின் வீற்றிருக்கிறார் என்பதாம். வினை ஒன்றே, பொருளை வரையறுப்பன வேற்றுமையுருபும் 'இரு' என்னும் துணைவினையும் பேசுவோன் நிற்கும் இடமுமே ஆகும்.

பிறவினையாகும்போது மேலும் ஒரு வேறுபாடு தோன்றும். தஞ்சை இராசராசேச்சரக் கல்வெட்டுகளில் செப்புத் திருமேனிகளைப் பற்றி வரும் 'எழுந்தருளுவித்த' என்பது, அமைத்து நிலைபெறச் செய்தமையைக் குறிக்கும். 'எழுப்பிய' என்று மாணவர் பொருள்கொள்ளின் பிழையாம். கோயில் வழக்கில் 'எழுந்தருளப்பண்ணுதல்' என்பது ஸ்ரீபாதம்தாங்கிகள் திருமேனியைச் சுமந்து செல்லுதலையும் குறிக்கும். திருவரங்கத்து வைணவர் பேச்சில் இது 'ஏளப்பண்ணுதல்' எனச் சுருங்கியுள்ளது, 'பெருமாள் ஏளியாச்சா?' என வினவுதலும் உண்டு. இரண்டு சொற்களின் உருவமே கரைந்து ஒன்றாயினமைக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

இச்சொல்லாராய்ச்சி வரலாற்றிற்கும் இன்றியமையாதது. 1323ஆம் ஆண்டளவில் தில்லிப் படையெடுப்பின்போது நம்பெருமாள் திருமேனி திருவரங்கத்தினின்று மறைவாகக் கொண்டுசெல்லப்பட்டது. பல ஊர்களில் தங்கித் திருமலையை அடைந்து, 1371இல் கோபணார்யர் காலத்தில் அது மீண்டது. அச்சமும் அலைச்சலும் நிறைந்த அச்செலவையும் வைணவ மரபு எழுந்தருளுதல் என்றே கூறும். விழாக்காலத்து உலாவிற்கும் உயிர்காக்க ஓடிய ஓட்டத்திற்கும் சொல் ஒன்றே. சுமந்தவர்களின் தோள் இச்சொல்லில் புலப்படாது. இறைவன் தானே சென்றதாகவே தொடர் அமையும். பக்திக்கு இது பொருந்தும். ஆனால் வரலாறு எழுதுவோர் இவ்வினையை மட்டும் கொண்டு செலவின் இயல்பைத் துணிதல் கூடாது. உடன்வரும் சொற்களையும் காலத்தையும் சூழலையும் நோக்கியே துணிதல் வேண்டும்.

சோழர் கல்வெட்டுகளில் அரசன் அமர்ந்திருந்தமைக்கும் இச்சொல் வரும். ஆதலின் தெய்வத்திற்கே உரியது எனலும் பொருந்தாது. இக்காலப் பேச்சில் காலந்தாழ்த்து வருவானை நோக்கி, 'ஐயா இப்போதுதான் எழுந்தருளினாரோ?' என எள்ளுதலும் உண்டு. உயர்வுப் பொருள் இன்றும் உயிரோடிருப்பதனாலேயே எள்ளல் அதன்மேல் நிற்க இயலுகின்றது. உயர்வு தேய்ந்து வெறும் 'வருதல்' ஆகியிருப்பின் அத்தொடரில் நகை தோன்றாது.

ஆகவே, இத்தகைய கூட்டுவினைகளை அகராதியில் முதல் வினையின்கீழ் அடக்காது தனிச்சொல்லாகக் கொண்டு, வேற்றுமைதோறும் பொருளைப் பகுத்துக் காட்டுதல் முறையாகும். 'கண்டருளுதல்', 'அமுதுசெய்தல்', 'சேவைசாதித்தல்' முதலியனவும் இவ்வாறே ஆராயத்தக்கன. ஏட்டில் உள்ளவற்றோடு திருவரங்கத்து வீதிகளில் வழங்குவனவற்றையும் தொகுத்தல் வேண்டும். 'ஏளப்பண்ணுதல்' போன்ற வடிவங்கள் வாழ்வது மக்கள் நாவிலேயாம். அவ்வழக்கு அருகுமுன் அவற்றைப் பதிந்து வைத்தல் தமிழாராய்வோர் கடனாகும்.