செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் பயாஸ் பாஸ்வேர்டு: பேட்டரியைக் கழற்றினால் திறக்குமா?

ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் 2007 முதல் கணினிகளைத் தயாரிக்கிறது. ஆனால், அதே ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்குப் புது லேப்டாப் கட்டுப்படியாகாதபோது கைகொடுப்பவை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் செகண்ட் ஹேண்ட் கடைகள்தான்.

அங்கே விற்பனைக்கு வருபவற்றில், அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்துவிட்ட டெல் லேட்டிட்யூட், லெனோவா திங்க்பேட் போன்ற மாடல்களும் உண்டு. வாங்கியதும் விண்டோஸ் ஒழுங்காகவே ஓடும். புதிதாக ஓஎஸ் போட பென் டிரைவைச் செருகும்போதுதான் 'அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு' கேட்டு திரை அப்படியே நிற்கும். பழைய கம்பெனியின் ஐடி டீம் எப்போதோ போட்ட பூட்டு அது. விற்ற கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் வசதிகள் தேவை. அவை ஆஃப் ஆகியிருந்தால், ஆன் செய்ய பயாஸுக்குள் போயாக வேண்டும்.

இது என்ன பூட்டு?

பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸுக்கு முன்பே இயங்கத் தொடங்கும் மென்பொருள்தான் பயாஸ். புதிய லேப்டாப்களில் இதன் பெயர் யுஇஎஃப்ஐ. இது மதர்போர்டில் உள்ள சிப்பில் இருப்பதால், ஃபார்மட் செய்தாலும் எஸ்எஸ்டியை மாற்றினாலும் பாஸ்வேர்டு போகாது.

ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு என்பது வேறு. அது அந்த டிஸ்க்கையே பூட்டும். டிஸ்க்கை மாற்றினால் லேப்டாப் ஓடும்; ஆனால் உள்ளே இருந்த ஃபைல்களைத் திறக்க முடியாது.

பேட்டரியைக் கழற்றினால் போதுமா?

'உள்ளே இருக்குற பட்டன் பேட்டரியைக் கழட்டிட்டா சரியாகிடும்' என்ற யோசனை இன்றும் சுற்றுகிறது. பழைய டெஸ்க்டாப்களில் பாஸ்வேர்டு சிமாஸ் நினைவகத்தில் இருந்தது. மின்சாரம் நின்றால் அது அழிந்துவிடும். இன்றைய அலுவலக லேப்டாப்களிலோ, மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத சிப்பில் பாஸ்வேர்டு பதிவாகிறது. பேட்டரியைக் கழற்றினால் தேதியும் நேரமும்தான் மாறும்.

லேப்டாப் திருடுபோனாலும் அடுத்தவருக்குப் பயன்படக் கூடாது என்பதே இந்தப் பூட்டின் நோக்கம். அதனால்தான் சுலபமான பின்வாசல் எதுவும் வைப்பதில்லை.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

• முதலில் விற்றவரிடம் கேளுங்கள். அவர் மூலம் பழைய கம்பெனியின் ஐடி பிரிவை அணுக முடிந்தால், அதுதான் செலவில்லாத வழி.

• அடுத்து, தயாரிப்பு நிறுவனம். டெல் லேப்டாப் என்றால் அடியில் உள்ள சர்வீஸ் டேக் எண்ணும், நீங்கள்தான் உரிமையாளர் என்பதற்கான ஆதாரமும் தேவை. திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்துவிட்டால், மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறது லெனோவா.

• மதர்போர்டில் கைவைக்கும் முன் ஃபைல்களை பேக்கப் எடுத்துவிடுங்கள். பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், அதன் ரெக்கவரி கீ இல்லாமல் டிஸ்க் திறக்காது.

• இணையத்தில் கிடைக்கும் 'அன்லாக்' மென்பொருள்களை நம்பி இறக்க வேண்டாம். வைரஸ் வரலாம், பயாஸ் கெட்டால் லேப்டாப் ஆன்கூட ஆகாது.

பணம் கொடுக்கும் முன்

கடையிலேயே லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, டெல், ஏசர், அசூஸ் என்றால் எஃப்2, ஹெச்பி என்றால் எஃப்10, திங்க்பேட் என்றால் எஃப்1 தட்டுங்கள். பாஸ்வேர்டு கேட்டால், 'அதை எடுத்துக் கொடுங்க, அப்புறம் வாங்கிக்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். சீரியல் எண் எழுதிய பில்லையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். டெல் என்றால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லலாம்.

பில்லும் இல்லை, பாஸ்வேர்டும் தெரியாது, விலை மட்டும் அடிமாட்டு விலை என்றால் உஷார். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற நோக்கத்தில் வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.